யார் பெயரில் பதிவது

மார்ச் 4, செவ்வாய்

கராஜுக்கு ஸ்கானர் வாங்க வேண்டுமாம், தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையதாம். முதலாளி பாலசிங்கம் அண்ணை காலையிலேயே சொல்லிவிட்டார். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். சின்னது, காரில் செருகினால் இஞ்சினில் என்ன பிழை என்று வாசித்துச் சொல்லும், அவ்வளவுதான். பெரியது, இஞ்சின் கணினியில் இருக்கும் புரோகிராமை வெளியே எடுத்து, பவர் கூடியதாக மாற்றித் திரும்ப எழுதும். நமக்குச் சின்னதே காணும் என்றேன். "பெடியள் இப்ப பவர் கூட்டத்தான் வாறாங்கள். பெரிசைப் பார்" என்றார்.

அப்படிக் கூட்டிய காரை வாகனப் பரிசோதனையில் காட்டி அனுமதி எடுக்காமல் ஓடினால் பொலிஸ் காரையே கொண்டுபோய்விடும். செய்து கொடுத்தவனுக்கும் வழக்கு. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

விற்பனையாளர் டீட்டிகோனில் இருக்கும் எங்கள் கராஜுக்கே கொண்டுவந்து காட்டினார். பெரியதைக் கையில் வாங்கினேன். கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும் திரை. ஒரு பழைய காரில் செருகியதும் நான்கு சிலிண்டரும் தனித்தனிக் கோடாக ஓடின. மூன்றாவது நொண்டுவது உடனே தெரிந்தது. பதினொரு வருடமாக நான் காதை வைத்துத் தேடியதை அது பத்து விநாடியில் சொல்கிறது. ஆசை வந்தது. வரவில்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

மார்ச் 11, செவ்வாய்

பெரியதற்குப் பதிவு வேண்டுமாம். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் உள்ள ஒருவருடைய பெயர். அது எழுதும் ஒவ்வொரு காருக்குள்ளும் அந்தப் பெயர் பதிந்திருக்கும். கராஜில் சான்றிதழ் உள்ளவன் நான் மட்டும்.

"உன்ர பேரைக் குடு தம்பி. நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

வேலை அவர் தந்தது. கராஜுக்கு மேலே நாங்கள் இருக்கும் வீடு அவருடையது. எங்கள் கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்தும் அவர்தான். எந்த வாயால் இல்லை என்பது? கொடுத்தேன்.

மனைவி டிலக்ஷியிடம் சொன்னேன். மகளோடு சேர்த்து எங்கள் மூவரின் இந்த நாட்டுக் குடியுரிமை விண்ணப்பமும் கெமைண்டேயில், நகரசபை அலுவலகத்தில், இருக்கிறது, மே மாதம் நேர்முகம். இப்போது ஒரு பொலிஸ் வழக்கு வந்தால் எல்லாம் போச்சு. "ஏன் ஓமெண்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். கோபித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். கோபம் அவள் மேலா?

மார்ச் 14, வெள்ளி

ஸ்கானருக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். முதல் கார் அண்ணையின் மகன் ஜெனுசனுடையது. ஒன்பதுக்கு வரவேண்டியவன் பத்துக்கு வந்தான். பத்தரைக்கு ராகு காலம். காரில் இருக்கும் புரோகிராமை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், அதற்கே அரை மணி பிடிக்கும் என்றேன்.

"நல்ல நேரம் போகப்போகுது. எழுது. பழசைப் பிறகு எடுக்கலாம்."

எழுதிய பிறகு பழையது எங்கே இருக்கும்? அழிந்துவிடுமே. அதை வாய் திறந்து சொன்னேனா? இல்லை. எல்லாரும் என்ர விரலையே பாத்துக்கொண்டு நிண்டினம் — அமத்திப்போட்டன்.

மார்ச் 17, திங்கள்

ஜெனுசன் டயர் மாற்ற வந்தான். அரை மணி நேரம் கார் என் கையில். பழையதைத் திருப்பி எழுதிவிட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆனால் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கார்க் கம்பனியிடம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

கார் இப்போது அந்தமாதிரிப் பறக்கிறதாம், சந்தோஷமாகச் சொன்னான்.

மார்ச் 18

அவனைப் பொலிஸ் மறிக்காமல் இருந்தால் போதும்.

ஏப்ரல் 3, வியாழன்

மறித்துவிட்டார்கள். கார் அவர்களிடம். உள்ளே பார்த்தால் என் பெயர்தானே இருக்கும். புதன்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லி எனக்குத்தான் அழைப்பு.

அண்ணை மேலே வந்து எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "நீ தனியாச் செய்தனி எண்டு சொல்லு. நான் வழக்குக்குள்ள வந்தால் கராஜ் போயிடும். கராஜ் போனால் நீயும்தானே தம்பி."

அவர் சொல்வது சரிதான். அதுதான் எரிகிறது. டிலக்ஷி அவருடைய கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

ஏப்ரல் 9

தனியாகச் செய்தேன் என்று சொன்னேன். மூன்று இடத்தில் கையெழுத்து.

ஏப்ரல் 29, செவ்வாய்

இருவரும் கெமைண்டேக்குப் போனோம். வழக்கு இருக்கும்போது விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள், மறுப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே மீளப் பெறுவது நல்லது என்றார் அங்கிருந்த பெண். இரக்கத்தோடுதான் சொன்னார். நான் கையெழுத்திட்டுப் பேனாவை நீட்டினேன். டிலக்ஷி அதை வாங்காமல், தன் கைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது பெயர் கோபிஷா. எங்கள் மகள், ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவள். சின்னப் பிள்ளையின் கையெழுத்துத் தேவையில்லை, தகப்பன் போட்டால் காணும் என்றார்.

அவளுக்காகவும் நானே போட்டேன்.