நடிகையைப் பற்றி நாலு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். குழாயில் தண்ணீர் இன்றும் இல்லை. லாரியில் ஆறு குடம் பிடித்தேன். இடுப்பு வலி.

இன்னும் ஒன்பது நாள். 12ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்கள் நர்ஸ் வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ எடுப்பார்கள். எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணியாச்சு, அது போகட்டும். இது வாயால் பேசணும். ஒரு ஜெர்மன் ஆளைப் பற்றி நாலு நிமிடம் ஜெர்மனில் பேச்சு, பிறகு கேள்விகள். கோச்சிங் சார் சீட்டுக் குலுக்கினார். ஒருத்திக்குக் கால்பந்து வீரர், ஒருத்திக்கு விஞ்ஞானி. எனக்கு நாடக நடிகை. சினிமாவிலும் நடித்தவராம். பேரே ஒரு முழம். இங்கே ந. என்றே எழுதிக்கொள்கிறேன்.

சார் அனுப்பியது இரண்டு பக்கம். ந., கடலோர ஊரில் ரொட்டிக்கடைக்காரர் மகள். பதினேழு வயதில் நாடகக் கம்பெனி. முதல் வேடம் வேலைக்காரி, ஒரே வசனம்: "வண்டி வந்துவிட்டது." பிறகு பெரிய நகரம், பெரிய மேடை. ஒரு தடவை வசனம் மறந்து சும்மா நின்றாராம். அதுவும் நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்களாம். கொடுத்து வைத்தவர்.

மனப்பாடம் பண்ணிவிட வேண்டியதுதான். பிளஸ் டூ உயிரியல் முழுக்க அப்படித்தான் ஏறியது.

பயமாக இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெனமும் அம்புட்டுப் பேருக்கு ஊசி போடுற, இதுக்குப் போயி பயந்துக்கிட்டு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வடமதுரை உரக்கடைக்குக் கிளம்பிவிட்டார். ஊசி போடுவது நான். இங்கே குத்து வாங்குவதும் நான்.

ஜெனிக்கு நான் போகப்போவது தெரியாது. அம்மா பரீட்சைக்குப் படிக்கிறாள், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல.

மார்ச் 5, வியாழன்

வாங்க: உளுந்து, ஜெனிக்கு ஸ்கூல் பெல்ட், மொபைல் ஸ்டாண்டு.

முதல் பக்கம் ஏறிவிட்டது. சப்பாத்தி தேய்க்கும்போதும் வார்டில் பெட்ஷீட் மாற்றும்போதும் வாய்க்குள்ளேயே ஓடுகிறது. நாலாம் பெட் பெரியவர், "ஏத்தா நர்சம்மா, என்னையவா வையுற?" "இல்லய்யா, ஜெபம் சொல்றேன்." தவக்காலத்தில் பொய்.

இரண்டாம் பக்கம்தான் பிடிபடவில்லை. ந.வுக்கு நகரத்து நாடகத்தில் இடம் கிடைக்கிறது. மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறார். மகளுக்கு ஆறு வயது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறார். அப்போது ஒரு வரி: மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வரியில் சினிமா, விருது. பதினொரு படத்தில் அம்மா வேடம். எழுதின மனுஷனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது போல.

ஜெனிக்கும் ஆறு.

வேறு ஆள் கொடுங்கள் சார் என்று போன் போட்டுக் கேட்டேன். "டைம் இல்ல மேடம். வேணும்னா அந்த வரிய மட்டும் விட்ருங்க." விட்டுப் பார்த்தேன். அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. மனப்பாடத்தில் இது ஒரு கோளாறு. நடுவில் ஒரு செங்கலை உருவினால் சுவரே சாய்கிறது.

மார்ச் 6, வெள்ளி

சித்தையன்கோட்டையிலிருந்து விடியும்போதே லூர்து மதினி வந்தாச்சு. வீட்டுக்காரரின் அக்கா. தனி ஆள், தையல் வேலை. நான் போனால் ஜெனியைப் பார்த்துக்கொள்ளப் போவது மதினிதான். "பிள்ளைக்கு இப்பவே பழகட்டும்" என்று தையல் மெஷினோடு ஆட்டோவில் இறங்கினார். ஒரு கட்டு முருங்கைக்காய் வேறு.

காலையில் ஜெனிக்கு மதினி தலை பின்னினார். நான் பின்னினால் தெருவே கேட்கும்படி கத்துவாள். மதினியிடம் பொம்மை போல உட்கார்ந்திருந்தாள். நல்லதுதானே. நல்லதுதான்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. நாலாம் ஸ்தலம், இயேசு தம் தாயைச் சந்திக்கிறார். முழங்கால் போட்டவள் எழுந்திருக்க மறந்துவிட்டேன். எல்லாரும் ஐந்தாம் ஸ்தலத்துக்குப் போயாச்சு. மதினி தோளைத் தட்டி, "ஏத்தா ஸ்டெல்லா, மயக்கமா?" என்றார். முட்டி வலி மதினி என்றேன். இதுவும் பொய். கணக்கு வைக்க முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து வீடு. கறியை அடுப்பில் வைத்துவிட்டு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். மதினி சத்தம் போட்டார். "ஏ ஸ்டெல்லா, இங்கிட்டு வந்து பாரு உம்மக கூத்த!"

ஜெனி முக்காலி மேல் ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜெர்மன் பேசுகிறாள். என்னுடைய பேச்சு! முதல் பக்கம் அப்படியே, மூச்சு விடாமல். ஒரு சொல்லுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. நான் கத்திக் கத்திப் படித்ததில் காதில் ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர் விசில் அடித்தார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இரண்டாம் பக்கம். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். எச்சிலை விழுங்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மேலே போனாள். மறந்துவிட்டது என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதே இடம். அதே எச்சில், அதே மூக்கு.

"ஏன்டி அங்க நின்டு போற?"

"நீதானம்மா அங்க நிப்ப. எச்சில முழுங்குவ, மூக்கத் தொடப்ப. அப்பறந்தான் அடுத்தது வரும்."

அந்த வரிதான். அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்ததை இவள் பாடமாகவே படித்து வைத்திருக்கிறாள்.

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அவங்களுக்கு அவார்டு கெடச்சுச்சுன்னு அர்த்தம்."

மதினி என்னையே பார்த்தார். மதினிக்கு ஜெர்மன் தெரியாது. என்னைத் தெரியும். கறி தீய்ந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

பயங்கள்:
நெட் போய்விடும்.
கரண்ட் போய்விடும்.
கேள்வி புரியாது.
நாக்கு ஒட்டிக்கொள்ளும்.
ஃபெயில்.
பாஸ்.

கடைசியை எழுதிவிட்டு அடித்தேன். திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

காலையில் அவரிடம் கேட்டேன். "பாப்பாகிட்ட சொல்லிருவோமாங்க?"

"மொதல்ல நீ பாஸாகு. சின்னப் பிள்ளைய இப்பவே எதுக்குக் கலங்க வைக்கிற? ரெண்டு வருசம்தானே. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும். அப்பறம் எங்களையும் கூப்ட்டுக்க."

சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார், அலமாரி, டிவி மேல், சட்டைப் பை. சாவி கையிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை. இவருக்கும் பயம்தான், சொல்லமாட்டார்.

சோற்றுக்கு மதினி வைத்த முருங்கைக்காய் வெஞ்சனம். சோறு இறங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

முடிந்தது. எழுத்து கோணல்.

சத்தம் என்று ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். மதினி வெளியே காவல். திரையில் இரண்டு பேர், ஒரு வெள்ளைத் தலை அம்மா, ஒரு இளவயது ஆள். முதல் பக்கம் ரயில் மாதிரி ஓடியது. இரண்டாம் பக்கம், அந்த வரி. எச்சிலை விழுங்கினேன். மூக்கைத் துடைத்தேன். அடுத்தது வரவில்லை. எல்லாம் போச்சு. விருது, பதினொரு படம், எதுவும் இல்லை. காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும்.

ந. நின்றபோது கைதட்டினார்கள். இங்கே யாரும் தட்டவில்லை. அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்புறம் என் வாய் தானாகப் பேசியது. உடைந்த ஜெர்மன், இலக்கணம் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு மகள். ஆறு வயது. நான் வரப்போவது அவளுக்குத் தெரியாது. இந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டார். அந்த நடிகையும் மகளும் பிறகு எப்படி இருந்தார்கள்?

தெரியாது, கட்டுரையில் இல்லை என்றேன்.

அந்த அம்மாவுக்கும் தெரியாதாம். பிறகு சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு எப்படிக் கட்டுப் போடுவாய் என்று கேட்டார்கள். அது தூக்கத்திலும் சொல்வேன்.

ஃபெயில்தான். கதவைத் திறந்தபோது மதினி முகத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். ஃபெயில் என்றுதான் அழுதேனா, தெரியவில்லை. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு நிம்மதி. அதற்கும் பயந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மெயில் வந்துவிட்டது. என்னை எடுத்துக்கொண்டார்கள். மே கடைசியில் கிளம்பணும்.

நாலு தடவை படித்தேன். அவர் கடையிலிருந்து ஓடி வந்து, "செயிச்சுட்டடி!" என்று ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டினார். தவக்கால வெள்ளிக்கிழமை, இனிப்பெல்லாம் நாளைக்குப் பார்ப்போம் என்று மதினி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். அவர் சிரித்து முடித்ததும், "பாப்பாகிட்ட நீயே சொல்லிரு" என்று செத்த நேரத்தில் கடைக்குத் திரும்பிவிட்டார். ஆம்பளை.

நாலு மணிக்கு ஜெனி. பையை இறக்கி, முகம் கழுவிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார வைத்தேன். முதலில் அந்த வரிக்கு உண்மையான அர்த்தத்தைச் சொன்னேன். அவார்டு இல்லடா. அந்த அம்மா ஊருக்குப் போயிட்டு வந்தாங்க, அவங்க மக நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்கன்னுச்சு. அடுத்து நான் போகிறதைச் சொன்னேன்.

"எப்ப?"

"பெரிய லீவு முடியுறதுக்குள்ள."

"எம்புட்டு நாளு?"

"ரெண்டு வருசம்."

விரலை மடக்கினாள். "நான் நாலாப்பு வந்துருவேன்."

அழவில்லை. அழுவாள், மடியில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எழுந்து வாசல் பக்கம் போனாள். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் உரசி இழுத்து வந்து என் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க."

மதினி சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். விளையாட்டு, நடித்துக் காட்டுகிறாள், இப்போது சிரித்துவிடுவாள் என்று ஜெனி முகத்தையே பார்த்தேன். சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன்.

மதினியைத் தாண்டி உள்ளே போனாள். முக்காலி இழுக்கிற சத்தம். பிறகு மேல்தட்டில் கண்ணாடி டம்ளர் எடுக்கிற சத்தம். வீட்டில் நாங்கள் குடிப்பது எவர்சில்வரில். அந்த டம்ளர் வருகிறவர்களுக்கு.