வடக்குக் கண்ணாடி

ஜூன் 9, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. விடியும் முன்பே தகரக் கூரை தடதட. வரைபலகையில் தாள் நிற்கவில்லை. நாலு மூலைக்கும் நாலு மைக்கூடு.

புதன் முதல் வெள்ளி வரை பதுளையில் மாநாடு. கட்டடக் கலைஞர்கள், இன்ஜினியர்கள், தோட்டத்துத் துரைமார். பொருள்: தொழிற்சாலைகளில் வெளிச்சம். ரயில் இப்போது பதுளை வரை வருவதால் கொழும்பில் நடக்க வேண்டிய கூத்தெல்லாம் இங்கே வந்து இறங்குகிறது. முக்கியமாகப் பேசுகிறவர்கள் இருவர். லண்டன் கட்டடக் கலைஞர் ஒருவர், வயதானவர். கொழும்பு மின்விளக்கு நிபுணர் ஒருவர், சின்ன வயது.

எனக்கு இட்ட வேலை, எங்கள் இன்ஜினியர் பிராட்லி துரையின் கையால், நறுக்குத் தாளில்:

படவிளக்கைத் துடைத்து வைக்க. (தாளில் உள்ள படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டும் பெட்டி.)
திரைக்கு வெள்ளைத் துப்பட்டி, சுருக்கம் இல்லாமல்.
கறுப்புத் துணி இரண்டு கெஜம்.
கோழிமுட்டை ஆறு. (எதற்கு என்று இல்லை.)

சென்னையில் வரைபடப் பரீட்சையில் முதல் வகுப்பு. இந்தக் கம்பெனியில் இருபத்து நாலு வருஷம். தலைமை வரைபடக்காரன். முட்டை வாங்கப் போனேன்.

பஜாரில் மீரான் நானா கடை. கண்ணாடி, ஆணி, சாயம், முட்டை எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

"மாஸ்டர், மாநாட்டுல நீங்களும் பேசுறீங்களா?"

"நான் முட்டை பிடிக்கிறேன், நானா."

"அதுவும் பொறுப்புத்தான். பேச்சு தவறினா யாருக்கும் தெரியாது. முட்டை தவறினா எல்லாரும் பாப்பாங்க."

சிரித்துவிட்டேன். அவரிடம் மட்டும் கோபம் நிற்பதில்லை.

இரண்டாவது செய்தி வயிற்றெரிச்சல். மாநாட்டுக்காரர்கள் வியாழனன்று நேரில் பார்க்கப் போகும் 'மாதிரிக் கட்டடம்' எதுவாம்? எட்டு வருஷம் முன்பு பிராட்லி (இனி பி.) பசறை ரோட்டில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, தோட்டத்து ஆட்கள் வாயில் 'ஸ்டோர்'. தூள் பொறுக்கும் அறைக்குக் கூரையிலே கண்ணாடி, முழுக்க வடக்குப் பார்த்து. இங்கிலாந்து வழக்கம். அங்கே உச்சிச் சூரியன் வருஷம் பூராவும் தெற்கே நிற்கும், வடக்குக் கண்ணாடியில் வெயில் விழாது. பதுளையில்? சித்திரைக்கு முன்பே சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். திரும்ப ஆவணி ஆகும். அந்த ஐந்து மாதமும் வடக்குக் கண்ணாடி என்றால் வெயில் கொட்டும் வாசல்.

இதை அன்றைக்கே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், படத்துடன். பி. படிக்கவில்லை. மேலே தேநீர்க் கோப்பையை வைத்தார். வட்டக் கறையோடு தாள் திரும்பி வந்தது. என்னிடம் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் கால் வைக்கவில்லை. கட்டடத்தின் படம் முழுக்க என் கை. அடியில் பெயர் அவருடையது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில், காற்று. கால் வைத்தாயிற்று. "போய்ப் பார்த்து ஒழுங்கு செய்" என்று உத்தரவு. வீம்பு வேறு, சம்பளம் வேறு.

உள்ளே நுழைந்தால் அறை மங்கல். ஏன்? கூரைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகச் சாக்கு. கோணி ஊசியால் தைத்து, கயிறு போட்டு, கப்பல் பாய் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கீழே நீள மேசைகளில் பெண்கள், தூளிலிருந்து காம்பு பொறுக்கிக்கொண்டு. மூத்தவள் வீராயி. ஐம்பது வயதிருக்கும். வாயில் வெற்றிலை.

"இது யார் கட்டச் சொன்னது?"

"யாருங்க சொல்லணும்? வெயில் சொல்லுச்சு."

"எப்போ கட்டுவீங்க?"

"சித்திரை பொறக்கையில கட்டுவோம். ஆவணி கடைசில அவுப்போம். வருசா வருசம் இதே பொழப்புங்க."

நின்றுவிட்டேன். கோணம், அட்டவணை, பஞ்சாங்கக் கணக்கு என்று நான் நாலு பக்கத்தில் எழுதியது இவள் வாயில் இரண்டு வரி. எட்டு வருஷத்தில் என்னோடு ஒத்துப்போன முதல் ஆள். கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன், கையில் தூள் இல்லாவிட்டால்.

பின்னாலேயே பி. குதிரையில் வந்தார். சாக்கைப் பார்த்தார். முகம் சுளித்தார். "இந்த அசிங்கத்தை இறக்கு. கண்ணாடியைக் கழுவு. வியாழன் பத்து மணிக்குப் பளபளவென்று இருக்க வேண்டும்." பெண்கள் ஏன் கட்டினார்கள் என்று கேட்கவில்லை. போய்விட்டார். உத்தரவைத் தமிழில் நான்தான் சொன்னேன்.

வீராயி: "எடுத்தா கண்ணு அவிஞ்சு போகும்ங்க. காம்பு எது, தூள் எதுன்னு தெரியாது."

"துரை உத்தரவும்மா."

"அப்ப அந்தத் துரையையே ரெண்டு நாழி உக்காந்து பொறுக்கச் சொல்லுங்க. நாங்க குதிரையைப் புடிச்சுக்கறோம்."

அறை முழுக்கச் சிரிப்பு. சாக்குகள் இறங்கின.

திரும்பி வரும்போது வழியெல்லாம் குஷி. கழுவிய கண்ணாடி, வைகாசிக் கடைசி, பத்து மணி, அத்தனை நிபுணர்களும் கூட. நான் வாயே திறக்க வேண்டாம். சூரியன் பேசும். பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே, "என்ன, முகம் இப்படி மலர்ந்திருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

ஜூன் 11, புதன்

மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்து பெஞ்சுகள். நான் படவிளக்கோடு பின்வரிசையில்.

முதலில் மின்விளக்கு இளைஞர். வேகமான பேச்சு. ஆற்றைக் கட்டி டைனமோ சுழற்றினால் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் சொந்த விளக்கு என்றார். பாட்டரியில் ஒரு பல்பை ஏற்றிக் கையில் தூக்கிப் பிடித்தார். துரைமார் பிள்ளைகள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள். நானும்.

பிறகு கிழவர். லண்டன் கட்டடக் கலைஞர். வெறுக்கத் தயாராக இருந்தேன். முடியவில்லை.

கறுப்புத் துணியை விரித்தார். அதன்மேல் என் முட்டை. ஜன்னல்களை அடைக்கச் சொல்லி ஒரே ஒரு விளக்கு. நேர் மேலே பிடித்தார்: முட்டை ஒரு தட்டை வெள்ளைப் பொட்டு. பக்கத்துக்குக் கொண்டுபோனார்: அப்படியே உருண்டு எழுந்தது. இன்னும் கீழே: ஓட்டின் புள்ளிகள்கூடத் தெரிந்தன. "முட்டை மாறவில்லை, விளக்கின் இடம்தான் மாறியது. ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறவனுக்கு நாம் தருவது இந்த இடம்தான்" என்றார். என் தொழிலைப் பற்றி இப்படி ஒருவர் பேசி இதுவரை கேட்டதில்லை. மயிர்க்கூச்செறிந்தது. ஒரு முட்டைக்கு!

அதற்குப் பிறகு வந்தது வினை. "வெயில் ஒருபோதும் நுழையாத வாசல் வடக்கு. நாளை அதன் மிகச் சிறந்த உதாரணத்தைப் பார்க்கப் போகிறோம்." பி. எழுந்து குனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

நேற்றைய குஷி போய்விட்டது. மாட்டப்போவது பி. மட்டும் என்று நினைத்தேன். இந்தக் கிழவரும் மாட்டப்போகிறார், எல்லார் முன்னாலும்.

தேநீர் வேளையில் பி.யிடம் போனேன். "துரை, நாளைக்கு உச்சியில் சூரியன் வடக்கே..."

"படவிளக்கு சூடாக இருக்கிறது. ஜாக்கிரதையாக எடுத்து வை."

சரி. எடுத்து வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மேகம் ஒரு துண்டுகூட இல்லை.

பத்து மணி என்று சொல்லிப் பத்தே முக்கால். கார்கள் மூன்று, குதிரைகள் நிறைய. இருபது பேர் தூள் அறைக்குள் நுழைந்தார்கள், நுழைந்த வேகத்தில் நின்றார்கள். கூரையிலிருந்து வெயில் சாய்வாகப் பட்டை பட்டையாக மேசைமேல். தூசி பொன்னாக மிதக்கிறது. நடுவில் பெண்கள். இறக்கிய அதே சாக்குகளை மடித்து, மழைக்குப் போடுகிற கொங்காணியாகத் தலைமேல் போட்டுக்கொண்டு. கடைசி மேசைக்குப் பெரிய கங்காணியின் கறுப்புக் குடை, விரித்து, தூணில் கட்டி. யாரும் நிமிரவில்லை. காம்பு பொறுக்குகிறார்கள்.

கிழவர் சட்டைப் பையிலிருந்து திசைமானியை எடுத்தார். பார்த்தார். தட்டினார். மறுபடி பார்த்தார். "இயந்திரங்களின் இரும்பு முள்ளை இழுக்கிறது போலிருக்கிறது." வெளியே போனார். வெட்டவெளியில் நின்று பார்த்தார். வந்தார். வெயில் அதே இடத்தில்.

வீராயியைக் காட்டி, தலையில் ஏன் சாக்கு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"வெயிலுக்குத்தாங்க. பின்ன என்ன, உள்ளாற மழையா பேயுது?"

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். "நாற்பது வருஷம். நாற்பது வருஷமாக வடக்கு, வடக்கு என்று சொல்லி வருகிறேன். உலகம் உருண்டை என்பதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இங்கே யாருக்குமே தெரியாதா?"

இந்தக் கேள்விக்கு எட்டு வருஷமாகப் பதில் தயார். வாக்கியம் வாக்கியமாக. குளிக்கும்போது, நடக்கும்போது, பி.யின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தது. வாயைத் திறந்தேன்.

பி. முந்திக்கொண்டார். "இவருக்குத் தெரியும். கட்டும் முன்பே எழுதிக் கொடுத்தார். நான் படிக்கவில்லை." முகம் சிவந்துதான் இருந்தது. ஆனால் சொன்னார். இருபது பேர் கேட்க.

என் கோபத்தை ஒரே மூச்சில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் மனுஷன். இனி நான் எதை வைத்துக்கொள்வது? எரிச்சல். அடுத்த நிமிஷம், என்னவென்று சொல்வது, முதுகிலிருந்து மூட்டை இறங்கினது போல. சிரிப்பு வந்தது. இருமல் என்று சமாளித்தேன்.

கிழவர் என் பக்கம் திரும்பினார். "நாளை என் நேரத்தில் பத்து நிமிஷம் உங்களுக்கு. அந்தத் தாளோடு வாருங்கள்."

ஜூன் 13, வெள்ளி

தூக்கமில்லை. சட்டைக்குக் கஞ்சி அதிகம், கழுத்து திரும்பவில்லை.

பாக்கியம்: "கோபமா பேசாதீங்க. உங்க கோபத்தைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிசம் பத்தாது."

பேசினேன். துப்பட்டியில் என் படம், எட்டு வருஷத்துக் கறையோடு. கிழவர் கேட்டார், அது என்ன வட்டம், சூரியனின் பாதையா? மண்டபம் சிரித்தது. பி.யும் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே குறித்து வைக்கிறேன், யாரும் மெச்சப்போவதில்லை.

தீர்வு: கண்ணாடிக்கு வெளிப்புறம் மெல்லிய மரச் சட்டங்கள், நெடுக்கும் குறுக்குமாக, வெள்ளைச் சாயம் அடித்து. வானத்து வெளிச்சம் உள்ளே வரும். சூரியன் வெளியே நிற்கும். கணக்கு நான் போட்டது. ஆனால் எந்த மாதம் சாக்கைக் கட்டி எந்த மாதம் அவிழ்ப்பது என்பதை அங்கே வேலை செய்யும் பெண்கள் கணக்கில்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். மின்விளக்கு இளைஞர் பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்து கை கொடுத்தார். என் கஞ்சிச் சட்டை தோளில் கிழிந்தது. கவலையில்லை.

மாலை ரயிலடி. கிழவர் ஜன்னலில் தலையை நீட்டி என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அச்சாகும் கட்டுரையில் போடப்போகிறாராம். இரண்டு முறை சரிபார்த்தார்.

ஜூன் 21, சனி

வாரம் முழுக்கத் தச்சர்களோடு கூரைமேல். கழுத்து கறுத்துவிட்டது. முதல் கண்ணாடி வரிசைக்கு மட்டும் சட்டம் போட்டுப் பார்க்க பி. சம்மதம். புதுப் படத்தின் அடியில் கையெழுத்துக்கு முன் பேனாவை என்னிடம் நீட்டினார். முதலில் என் பெயரை எழுதினேன்.

சாயம் மீரான் நானாவிடம். "மாஸ்டர், இந்தத் தடவ முட்டை வேணாமா?"

சூரியன் வருஷத்திலேயே அதிகம் வடக்கே நிற்கும் நாட்கள் இவை. இப்போது வெயிலைத் தடுத்தால் சட்டம் எப்போதும் தடுக்கும். உச்சி நேரம். முதல் மேசையில் வெயில் இல்லை. இருட்டும் இல்லை. பால் மாதிரி ஒரே சீரான வெளிச்சம். கையை நீட்டினேன். நிழல் விழவில்லை.

வீராயி ஒரு பிடி தூளை எடுத்துப் பரப்பினாள். விரல் தானாக ஓடியது. காம்பு, காம்பு, காம்பு. பக்கத்து மேசைக்காரிகள் சாக்கைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்க, இது உங்க யோசனையா?"

"ஆமாம்மா."

"எப்பத்துலேருந்துங்க தெரியும்?"

"இந்த ஸ்டோரைக் கட்டும் முன்னமே."

பொறுக்கிய கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு வருசமா கண்ணைக் கெடுத்துக்கிட்டுக் கெடந்தோம். இதை வச்சுக்கிட்டு இம்புட்டு நாளா எங்கங்க இருந்தீங்க?"

பி., கோப்பை, கறை, நாலு பக்கம் எல்லாம் வரிசையாக வாய்வரை வந்தது. அவளிடம் எது செல்லும்?

"பதுளையிலதாம்மா இருந்தேன்."

"அட, இந்தா இருக்கிற பதுளையிலயா!"

அறை அதிரச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்படியே ஏணியை எடுத்து இரண்டாவது வரிசைக்கு வைத்தேன்.