கரண்டு வைத்தியமும் வெள்ளித் தாயத்தும்

மதராஸ்
12-8-1958

உம்மாவுக்கு மகள் காலிதாவின் சலாம். திருப்பாலைக்குடியில் உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? வாப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மருமகனும் நலம்.

என் இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரியில் ஈரத்துணி சுற்றிய தகடுகளை முதுகில் வைத்துக் கரண்டு விடுகிறார்கள். பயப்படாதீர்கள், வலையில் வரும் மின்திருக்கையைத் தொட்டாற்போல மரத்துப்போகிறது, அவ்வளவுதான். உடம்பில் வெள்ளி, இரும்பு எதுவும் கூடாது என்றார்கள். இடுப்பில் நீங்கள் கட்டிவிட்ட தாயத்தைக் கழற்ற மனம் வராமல் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அது சுட்டுவிட்டது.

"ஏந்தாயீ, வெள்ளியக் கட்டிக்கிட்டா கரண்டுல படுப்ப? ஒனக்கு ஒண்ணுன்னா ஒங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று நம் ஊர்ப் பக்கத்து நர்ஸம்மா ஏசினார். சின்னக் கொப்புளம்தான்.

ஆனால் அன்று அஸர் தொழுகையில் நெற்றி பாயில் பட சுஜூது செய்தேன், உம்மா. ரொம்ப நாளாக உட்கார்ந்தே தொழுதுகொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போக வேண்டும். தாயத்தில்லாமல் படுக்கப் பயமாக இருக்கிறது. பள்ளிவாசல் லெப்பையிடம் சொல்லி, வெறும் துணியில் தைத்த தாயத்து ஒன்று அனுப்புங்கள். தபால் பிந்தினால் இதைக் கழற்றி வெளியே உங்கள் மருமகனிடம் கொடுத்துவிட்டுப் படுப்பேன். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். தபாலில் சேர்க்க அவர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் ஓதிக்கொண்டே இருங்கள், உம்மா. அந்நேரம் என் மேல் உங்கள் துஆ மட்டும்தான் இருக்கும்.

காலிதா