4417 வேலைக்கு வருகிறார்

1968 ஜூலை 8, திங்கள்

விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம். செம்பூர் ஆபீசில் நுழையும்போது புடவை முழங்கால்வரை ஈரம். கம்ப்யூட்டர் அறை ஏசி வேறு.

மில்லிலிருந்து கடிதம். நாங்கள் ஆள் பட்டியல் போட்டுக்கொடுக்கும் நெசவு மில். 4417 மாடசாமி மூன்று வாரத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டாராம், இன்னும் பெயர் வருகிறதாம், நீக்கவும். நீக்கியாயிற்றே! அந்த நீக்கல் கார்டில் ஓட்டை அடித்தது நான்தானே.

பட்டியலை விரித்தேன். 4417 இருக்கிறார். பக்கத்திலேயே வருகை. போன வாரம் ஆறு நாள். முந்தின வாரம் ஆறு நாள். இறந்தபின் ஒரு நாள் லீவு இல்லை.

பக்கத்து மேஜை கமலா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உயிரோட இருந்தப்போ இவ்வளவு ஒழுங்கா வந்திருக்கமாட்டார்டீ." பிறகு சிரிப்பு நின்றது. "சரி, அப்போ யாரு வர்றது?"

வாங்கவேண்டியது: காபிப் பொடி, தீப்பெட்டி.

9, செவ்வாய்

மழை குறைவு. சரியாகத் தூங்கவில்லை.

பழைய கார்டுப் பெட்டியைத் தேடி அந்த நீக்கல் கார்டை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணுக்கு ஒரு ஓட்டை. நாலு. நாலு. ஏழு. ஒன்று.

4471. பழைய வருகைப் பட்டியலைப் புரட்டினேன். 4471ம் ஒரு மாடசாமி. அவரும் தாராவி. அன்று பெருமழை, கார்டைச் சரிபார்க்கிற பெண் வரவில்லை, "நானே பார்த்துட்டேன்" என்று அனுப்பியது நான்.

நீக்குவது என்றால் வெட்டுவதோ அழிப்பதோ இல்லை. மெஷின் ஆட்கள் விவரமுள்ள பழைய காந்த டேப்பைப் படித்துப் படித்துப் புது டேப்பில் எழுதும். நீக்கவேண்டிய ஆள் வந்தால் எழுதாமல் அடுத்த ஆளுக்குப் போகும். நடுவே காலி இடம்கூட இராது. அப்படி ஒருவர் இருந்ததாகவே தெரியாது.

இப்போதைய டேப் போக, முந்தைய மூன்று வாரத்து டேப் எப்போதும் கையில் இருக்கும். தாத்தா, அப்பா, பிள்ளை என்போம். 4471 இப்போது தாத்தா டேப்பில் மட்டும். வியாழன் அன்று அதன்மேல்தான் புதுப் பட்டியல் எழுதப்படும். மில்லில் கைப்பதிவேட்டை விட்டு வருஷமாகிறது. அவருடைய பதினோரு வருஷ சர்வீஸ் வேறெங்கும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

10, புதன்

அரை நாள் லீவு. தாராவி. சந்தில் கணுக்கால் தண்ணீர், தோல் நாற்றம். 4471 வீடு விசாரித்துப் போனேன். அவர் மனைவி, "ஷிப்டுக்குப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ" என்றாள். எந்த ஷிப்டுக்கு? பட்டியலில் ஆளே இல்லையே. உட்கார்ந்தேன்.

நாலரைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. கையில் பித்தளை டோக்கன். 4417.

"மில்லு கேட்டுல போயி நின்னேன். என் நம்பர்ல ஆளே இல்லன்னுட்டான் கேட்டுக்காரன். நான்தான் நிக்கேனேன்னேன். லிஸ்டுல இல்லங்கான். மூணாம் நாளு, இந்தா ஒரு மாடசாமி இருக்கு, பேரு ஒண்ணுதான, இதுல போன்னு குடுத்தான்."

"அவர் இறந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தூக்கிட்டுப் போனதுல நானும் ஒருத்தன்."

இறந்தவருடைய தறி. இறந்தவருடைய அலமாரி. உள்ளே சீப்பு இருந்ததாம், பல்லில் முடியோடு. எடுக்கவும் மனமில்லையாம், எறியவும் மனமில்லையாம்.

"சாப்பாட்டு நேரம் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். மொதல்ல பதினேழுன்னு கூப்பிட்டா மேலு கூசும். இப்ப கூசல. அதான் பயமா இருக்கு."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரிம்மா, என்னைத் திருப்பிப் போட்டுருவீயளா?" என்றார். அதுமட்டும்தான்.

நாளை கடிதப்படி 4417ஐ நீக்கினால் அவருக்கு அந்த எண்ணும் போய்விடும்.

11, வியாழன்

ஒன்பது மணிக்கு சூபர்வைசர் ஷிண்டேயிடம் எல்லாம் சொன்னேன். தாத்தா டேப் ஏற்கெனவே எழுதுகிற பக்கம் மாட்டத் தயாராக வண்டியில் இருந்தது. அவர் அதை எடுத்துப் படிக்கிற பக்கம் மாட்டினார்.

டேப் வெட்டி வெட்டி ஓடும். ஓடும், நிற்கும், ஓடும். நடுவில் தாவ முடியாது, முதல் ஆளிலிருந்து வரிசையாகத்தான். நாலாயிரத்துச் சொச்சம் பேர். 4471 வந்ததும் நின்றது. மெஷின் அவர் விவரத்தைக் கார்டில் அடிப்பதற்குள் கரண்ட் போயிற்று.

ஏசி நின்றது. மழைச் சத்தம் மட்டும். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷிண்டே ஹிந்தியில், பயப்படாதே என்றார். நினைவகம் முழுக்கக் கடுகு போன்ற காந்த வளையங்கள், கம்பி வலையில் கோத்தவை. காந்தத்துக்குக் கரண்ட் வேண்டாம். கடைசியாக வந்தவர் உள்ளேயே இருப்பார்.

இருபது நிமிஷம். அந்த இருட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு ஆள். மூச்சுச் சத்தம் கேட்கும்போல இருந்தது.

கரண்ட் வந்தது. இருந்தார். பெயர், எண், பதினோரு வருஷம், எல்லாம். கார்டு விழுந்தது. நானும் கமலாவும் ஷிண்டேயும் மூன்று தடவை படித்தோம். பிறகு புதுப் பட்டியல். 4471 சேர்ந்தார். 4417 நீங்கினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வருமாம். வரட்டும்.

13, சனி

வெயில். துணி காய்ந்தது.

மாடசாமி ஆபீசுக்கு வந்தார், புது டோக்கனுக்குப் படிவம் நிரப்ப. சவரம் செய்திருந்தார். கமலா டீ வரவழைத்தாள்.

"நம்பர் சொல்லுங்க."

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

"அது அவரோடது. உங்களோடது எழுபத்தொண்ணு."

"ஆமாம்மா. என்னோடது எழுபத்தொண்ணு." தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பார்த்தேன். 4417.

இன்னொரு படிவம் கொடுத்தேன். நிதானமாக எழுதினார். 4417.

பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "நீங்களே எழுதிருங்கம்மா. என் கை அதத்தான் எழுதுது."