சோலாங்கில் எத்தனை இஞ்ச்

ஜனவரி 3, சனி

காலையில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாச்சா சாமி போனில் குரல் அனுப்பினார். "அடியேன் பாச்சா. இன்றைய பனி நிலவரம். சோலாங் மூணு இஞ்ச். நார்கண்டா ரெண்டு. குஃப்ரியில மண்ணுதான் தெரியறது. சறுக்கறவா யாரும் இன்னும் வரலை."

சாமி சின்ன காஞ்சிபுரத்துக்காரர். இருபது வருஷமாகக் காசிக்கும் கயாவுக்கும் ஆள் கூட்டிப்போகிறவர். சிம்லா, மணாலி என்று பனி பார்க்கக் கூட்டிப்போவது அவருக்கே புதுசு. அதனால் பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி தினமும் பனி படிக்கிறார்.

அந்த டூரில் எங்களுக்கு இரண்டு சீட்டு. போன வருஷம் என் வீட்டுக்காரர் போட்டது. கிளம்ப இருபது நாள் இருக்கும்போது தறியை விட்டு எழுந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்த சாமி, சீட்டை அடுத்த வருஷத்துக்கு மாற்றி வைக்கிறேன் என்றார். துக்க வீட்டில் டிக்கெட் பேசுகிறாரே என்று அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது தினமும் அவர் குரலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

மூணு இஞ்சாம். குழந்தைப் பாவாடைக்கே நாங்கள் அதைவிடப் பெரிய கரை போடுவோம்.

ஜனவரி 5, திங்கள்

டூர் இருபதாம் தேதி கிளம்புகிறது. இவருக்குத் தலைதெவசம் தை வளர்பிறை பஞ்சமி, இருபத்துமூன்றாம் தேதி. நடுவில் மூன்றே நாள்.

எதிர் வீட்டில் என் நாத்தனார் வடிவாம்பாள் அண்ணி. இவருக்கு அக்கா. துக்கம் விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை மலை ஏறக்கூடாது. திருத்தணி கிடையாது, திருப்பதி கிடையாது. அதை அண்ணி மறக்கவிட மாட்டார்.

"அங்க கோயிலுக்கா போறோம்? பனி பாக்கத்தானே அண்ணி" என்றேன்.

"மலைன்னா மலைதான். மேல சாமி இருக்குதா, ஐஸு இருக்குதான்னு மலைக்குத் தெரியுமா?"

"அவர் சீட்டு சும்மாத்தான் இருக்குது. பின்னாடி எப்பனா போனா நீங்களும் வாங்களேன்."

"எனக்கு இன்னாத்துக்கு ஐஸு? ஃப்ரிட்ஜைத் தொறந்தா இருக்குது."

சாமிக்குப் போன் செய்து கேட்டேன். பனி போதவில்லை என்றால் டூரைத் தள்ளி வைப்பாராம். அப்படியானால் எனக்கு வழி இருக்கிறது. பெய்யாமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

சோலாங் இரண்டு. உருகுகிறதாம். நல்லது.

ஜனவரி 9, வெள்ளி

டூர் வாட்ஸ்அப் குரூப்பில் இருபத்திரண்டு பேர். எல்லோரும் பனிக்கு வேண்டிக்கொள்கிறார்கள். ரிட்டயர்டு வாத்தியார் மாணிக்கவாசகம் தினமும் கும்பிடுகிற கை நாலு போடுகிறார். பெய்யாதே என்று நினைக்கிறவள் நான் ஒருத்திதான். நானும் கை போட்டு வைத்தேன். எதற்கு என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன். முன்னால் நின்றதும் வாய் வரவில்லை. அவர் வீடே கைலாசத்துப் பனியில் இருக்கிறது. அவரிடம் போய் அங்கே பெய்யாதே என்று எந்த வாயால் கேட்பது? சும்மா விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மனுஷனுக்கு ஏன் பனி ஆசை வந்தது? மார்கழியில் ஃபேனை இரண்டுக்கு மேல் வைத்தால் சண்டைக்கு வருவார். டூருக்கென்று ஸ்வெட்டர் விற்கிற நேபாளியிடம் குரங்குக் குல்லா வாங்கி, பழகிக்கொள்கிறேன் என்று அதைப் போட்டுக்கொண்டே நாலு நாள் நெய்தார். வேர்த்து வேர்த்து ஊற்றியது.

ஜனவரி 12, திங்கள்

அண்ணி பால் வாங்க வந்த மாதிரி வந்தார். கையில் பாத்திரம் இல்லை.

"இன்னிக்கு எத்தினி இஞ்ச்?"

"ஒண்ணு."

"அதானே. சும்மா கேட்டேன்."

நாளைக்கும் சும்மா கேட்பார்.

ஜனவரி 15, வியாழன்

துக்க வருஷம், பொங்கல் இல்லை. பக்கத்து வீட்டுக் காவேரி ஒரு தூக்கில் கொடுத்துவிட்டாள். அவர் பங்கையும் நானே தின்றேன்.

ஜனவரி 16, வெள்ளி

"அடியேன் பாச்சா. பகவான் கண் தொறந்துட்டார்!" சோலாங் இருபத்திநாலு இஞ்ச். ஒரே ராத்திரியில். அது கரை இல்லை, பாதிப் புடவை. டூர் உறுதி என்று சொல்லிவிட்டார். குரூப் முழுக்கப் பட்டாசுப் படம்.

ஜனவரி 17, சனி

ஏகாம்பரநாதா, ஏன்யா இப்படிப் பண்றே. மூணு நாளு. மூணே மூணு நாளு பொறுக்கக் கூடாதா உன் பனிக்கு? ஒரு வருஷம் பொறுத்தேனே நானு.

போகலாமா? திதி கொடுக்கிறது பிள்ளை சிவபாலன். நான் எள்ளும் தண்ணியும் இறைக்கப் போகிறேனா? சமைக்க ஆள் இருக்கிறது. அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ போ தையலு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றால் பத்து வருஷத்துக்குச் சொல்லுவார்.

ஜனவரி 18, ஞாயிறு

போகவில்லை என்று முடிவு செய்தேன். அண்ணிக்குப் பயந்து இல்லை. ஐயர் கேட்கும்போது பையன் "உமாபதி" என்று அப்பா பேரைச் சொல்லுவான். அந்த நேரம் நான் எங்கேயோ ரயிலில் புளிசாதம் தின்றுகொண்டிருந்தால் தொண்டையில் இறங்காது.

சாமிக்குப் போன் செய்தேன். இரண்டு சீட்டையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"அம்மா, உமாபதிக்கு ஜன்னல் ஓரம்னு போன வருஷமே எழுதி வெச்சிருக்கேன். பத்து தடவை சொல்லிட்டுப் போனார். அதை எப்பிடி இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

போனை வைத்த பிறகுதான் அழுதேன். அண்ணி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 19, திங்கள்

"அடியேன் பாச்சா" — குரலே உள்ளே போய்விட்டது. சோலாங் நாலரை அடி. ரோடு மூடிவிட்டார்களாம். ரோப் கார் நிற்கிறது. மணாலிக்கு பஸ் ஓட்ட ஆள் இல்லை. டூர் இருபத்தெட்டுக்குத் தள்ளிவைப்பு.

பெய்யாதே என்று கேட்க வாய் வராமல் வந்தேன். ஏகாம்பரநாதர் பெய்து பெய்தே டூரை நிறுத்திவிட்டார்!

மாணிக்கவாசகம் வாத்தியார் குரூப்பில் அழுகிற முகம் போட்டார். நானும் ஒன்று போட்டேன். பாவம்.

சாயங்காலம் அண்ணி வந்தார். "இருபத்தெட்டுன்னா, வருஷம் திரும்பி அஞ்சு நாளு ஆயிடும் இல்ல?"

"ஆயிடும் அண்ணி."

"ஜன்னல் ஓரம் எனக்குதான். என் தம்பி சீட்டு."

ஜனவரி 23, வெள்ளி

தலைதெவசம் முடிந்தது. சிவபாலன் ஒரகடத்தில் ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து லீவு வாங்கி வந்திருந்தான், கண்ணெல்லாம் சிவப்பு. அப்பா பேரைச் சரியாகச் சொன்னான். கொள்ளுத்தாத்தா பேரில் தடுமாறினான். அண்ணி உள்ளேயிருந்து அந்தப் பேரைக் கத்தினார், தெருவுக்கே கேட்டது. ஐயர் இவர் பேரைக் கேட்கும்போது நான் அங்கேயே இருந்தேன்.

இலை எடுத்த பிறகு அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே மலை ஏறலாம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அந்தக் குல்லா எங்க வெச்சே?"

ஜனவரி 29, வியாழன்

ரயில். எழுத முடியாமல் ஆட்டுகிறது. அண்ணி நேற்றிலிருந்து ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. வெளியே வெறும் வயல்தான்.

பிப்ரவரி 2, திங்கள்

சோலாங். ஜீப் நிற்கிற இடத்தில் பனி பழுப்பாக இருக்கிறது. குதிரைச் சாணி, டீக்கடைக் கப்பு, பேப்பர். இதற்கா அவ்வளவு ஆசைப்பட்டீர் என்று அவரைத் திட்டினேன். கொஞ்சம் மேலே நடந்தோம். மேலே வேறே. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கண் கூசுகிறது.

அண்ணி வாடகைக்கு எடுத்த மஞ்சள் கோட்டு, அதற்குள் புடவை, கீழே ரப்பர் பூட்ஸ், தலையில் தம்பியின் குல்லா. காற்றடித்த பெரிய ட்யூபில் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தள்ளிவிட்டார்கள். அண்ணி முருகா, முருகா என்று கத்தினார். நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

மேலே நிற்கும்போது அவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே வரும்போது நினைக்கவில்லை. நின்ற பிறகுதான் அது தெரிந்தது. ஒரு நிமிஷம் பனியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இன்னொரு தடவை ஏறினேன்.

சாயங்காலம் ஓட்டலில் சாமி நாளைய திட்டம் படித்தார். காலையில் ஹிடிம்பா கோயில்.

"சாமி, கோயில் நாளான்னிக்கும் இருக்கும். ஐஸு இருக்குமா?" என்றார் அண்ணி.

இருபது வருஷம் காசிக்கு ஆள் கூட்டிப்போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சோலாங்குக்குத் தனியாக ஜீப் சொல்லியிருக்கிறார் சாமி.