கோழிக்கு வந்த நோய்

சிலிபின், ஈப்போ
14 ஜூலை 1985

அன்பு மகன் லூயிஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மதராஸ் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் தங்கச்சி பாப்பாவை இந்த வரியில் சேர்க்க முடியவில்லை ஐயா. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்துக்கு முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது, உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டேன். ரத்தப் புற்றுநோய்தான், இங்கே ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றுகிறார்கள். மீன் விலை எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன் பார். அப்பா கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார், நான் குடையை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன், சோறு வடிக்கிறேன், துணி காயப்போடுகிறேன், ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் கழுவுகிறேன், மனசுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

போன கடிதத்தில் கோழிக்கு வரும் வைரஸ் மனிதனுக்கு வருமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, ஏன் கேட்டேன் என்று சொல்லவில்லை. பாப்பா பெரியவளானபோது நீ பரீட்சையில் இருந்தாய். ஜோன் அத்தை பத்து காஜா ஊரிலிருந்து வந்து தங்கி, தினமும் விடிந்ததும் பச்சை முட்டை ஒன்றும் அதன்மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் தன் கையாலேயே கொடுத்தாள். கடை முட்டை ஆகாது, வீட்டுக் கோழி போட்டதுதான் இடுப்புக்குப் பலம் என்று பிடிவாதம். நான் விலங்கியல் படித்தவள், அவித்துக் கொடுப்போமே என்றேன். 'டிகிரி வாங்குன இடுப்பத்தான் பாக்குறோமே அண்ணி, ஒரு சின்ன மூட்டை அரிசிய தூக்க ஆள் கூப்புடுது' என்றாள், பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கோழிகள் ஒவ்வொன்றாய்க் கொண்டை வெளுத்து மெலிந்தன, வயிறு மட்டும் பெருத்தது. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஈரல் வயிறு முழுக்க அடைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. கால்நடை இலாகாவிலிருந்து சன்னாசி என்பவர் வந்து பார்த்து, 'இது கோழிக்கு வர்ற ரத்தப் புத்துநோய்லா அக்கா, வைரஸு, தாய்க்கோழிக்கிட்டேருந்து முட்டை வழியா குஞ்சுக்குப் போயிரும், மனுசனுக்கு ஒன்னும் செய்யாது, பயப்படாதீங்க' என்றார். முட்டை வழியாக என்றதுதான் என் காதில் நின்றது. அந்த மாதமே பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கையெல்லாம் நீலம் நீலமாய்க் கன்றியது. அப்பா மிச்சக் கோழிகளையும் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டுக் கூண்டைக் கொளுத்தினார். ஜோன் அத்தை இப்போது வருவதில்லை. போனில் 'நான் நல்லதுக்குத்தானே குடுத்தேன் அண்ணி' என்று ஒரே அழுகை, உன்மேல் யாரும் குறை சொல்லவில்லை என்றேன், நம்பினாளா தெரியாது.

நீ விளக்கி எழுதியதை நாலைந்து தரம் படித்தேன். இந்த இன வைரஸ் தன் மரபணு எழுத்தைத் திருப்பி எழுதி உயிரணுவின் சொந்த எழுத்துக்குள்ளேயே செருகிக்கொள்ளும், அது பிரியும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து பெருகும், கோழிக்கு ஒன்று பூனைக்கு ஒன்று மாட்டுக்கு ஒன்று, கோழியினுடையது நம்மிடம் வளராது என்று எழுதியிருந்தாய். நான் படித்த காலத்தில் இதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் மனிதனுக்கென்றும் ஒன்றை ஜப்பான் பக்கம் கண்டிருக்கிறார்கள், அது தாய்ப்பால் வழியாகவும் போகும்போல என்று ஒரு வரி எழுதினாயே, அதை விட்டிருக்கலாம் ஐயா. பாப்பாவுக்கு இரண்டு வயது தாண்டியும் கொடுத்தேன். டாக்டரிடம் போய்க் கேட்டேன், அது பெரியவர்களுக்குப் பல வருடம் கழித்து வருவது, இது வேறு வகை, எதனால் என்று யாருக்கும் தெரியாது என்றார். பேப்பரில் வருகிற அந்த எய்ட்ஸ் என்கிற புது நோயும் இதே இனம் என்கிறார்களே, பாப்பாவுக்கு ஏற்றுகிற ரத்தத்தில் இருக்குமா என்று அதையும் கேட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி, 'எல்லாத்தையும் படிக்காதீங்கலா அம்மா, புள்ளைக்குத் தலை சீவி விடுங்க' என்றாள். சீவினால் முடி கையோடு வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவளாகச் சொன்னாள். 'ம்மா, நான் அந்த முட்டைய ஒன்னுகூட முழுங்கல லா. வாயில வச்சிருந்து பாத்ரூம் ஓடித் துப்பிருவேன். எண்ணெயும்தான். அத்தை நான் வெக்கப்பட்டு ஓடுறேன்னு நெனச்சாங்க. பாவம், கோழிங்களச் சும்மா கொன்னுட்டீங்க' என்று சிரித்தாள். இத்தனை நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. முட்டை என்றால் முட்டையை நிறுத்தினேன், கோழியைக் கொன்றேன், ஏதோ செய்தேன் என்றிருந்தது. இப்போது எதை நிறுத்துவது. வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவிக் கொடுத்தேன், இரண்டு துண்டு சாப்பிட்டாள். அத்தையிடம் சொல்லட்டுமா என்றேன், 'சொல்லுங்க, அப்பவாவது வருவாங்க, ஆனா என்னை ஏசக்கூடாது' என்றாள்.

இனி முக்கியமான சங்கதி. கூடப் பிறந்தவனின் எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று உன் ரத்தத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அண்ணனை வரச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். பொருந்தினால்தான் மேற்கொண்டு எங்கே என்ன என்று பேசலாமாம். அப்பா உன் படிப்பை யோசிக்கிறார், நான் யோசிக்கவில்லை, நீ வா. ஆனால் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணனக் கூப்புடாதீங்கம்மா, லீவு இல்லாத நேரத்துல அண்ணன் வந்து நின்னா எனக்குத் தெரிஞ்சிரும்' என்றாள். அதனால் அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. காலேஜில் ஸ்ட்ரைக், ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், சும்மா கிடப்பதற்கு வீட்டுக்காவது வருகிறேன் என்று எழுது, இரண்டு கேலியும் சேர்த்து எழுது. அவள் நம்பமாட்டாள், ஆனால் நம்புகிற மாதிரி இருந்துகொள்வாள், அது போதும்.

தலைக்கு எண்ணெய் வை, பச்சைத் தண்ணீர் குடிக்காதே, விமானத்தில் கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொள். ஆண்டவர் உனக்கு வழித்துணையாக இருப்பாராக, மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாராக. மறந்துவிடாதே, ஸ்ட்ரைக் என்று எழுது, எப்போது முடியும் என்று மட்டும் எழுதாதே.

உன் அன்பு அம்மா,
டோரிஸ் பெர்னார்ட்