இரண்டாம் பாதி என் பொறுப்பு

விருத்தாசலம்,
திங்கட்கிழமை

தமிழ்ச்செல்வனுக்குப் பெரியப்பா தங்கதுரை எழுதுவது.

உங்க அப்பன் கொளஞ்சியப்பன் பாதி மட்டுமே பார்த்த படங்களை முழுதாகப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். நீ அதை வீடியோ எடுத்து உலகத்துக்கே காட்டிவிட்டாய். இது தவறு. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

போனில் சொல்லலாமே என்பாய். உன் வீட்டில் போன் வந்தால் மோகனப்பிரியா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குகிறாள். பக்கத்திலேயே உன் அப்பன் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் உன் கம்பெனி முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். மனைவியிடம் சொல், அப்பனிடம் சொல்லாதே. படித்ததும் கிழித்துப் போடு.

‘அப்பாவுக்குப் பிடித்த பத்துப் படங்கள்’ என்று நீ அனுப்பியதை இரண்டு தடவை பார்த்தேன். ‘நான் பாத்தேன்’ என்று முப்பத்தொரு தடவை சொல்கிறான். தங்கதுரை என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. கிளைமாக்ஸை என்னமாய்ச் சொல்கிறார் தாத்தா என்று கீழே பாராட்டு வேறு. பத்துக் கிளைமாக்ஸும் என் சரக்கு.

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் சூளைக்காரர்கள். எரிகிற சூளையை விட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர முடியாது. ஆகவே மேட்னி ஷோவுக்கு ஒரே டிக்கெட் எடுப்போம். முதல் பாதிக்கு அவன் போவான். இடைவேளையில் வெளியே போகிறவர்களுக்குக் கொடுக்கும் பாஸை வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்புவான். சைக்கிளைக் கைமாற்றும்போதே கதையைச் சொல்லிவிடுவான். அந்தப் பாஸோடு நான் போய் மீதியைப் பார்ப்பேன். சாயங்காலம் சூடு உச்சத்துக்கு வரும்போது நெருப்பின் நிறம் பார்க்க அவன் கண்தான் வேண்டும். எப்போதும் முதல் பாதி அவனுக்கு விழுந்தது அதனால்தான். திரும்பி வந்து நான் முடிவைச் சொல்வேன். பதினாறு வருஷம் இப்படித்தான் நடந்தது.

சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அது உண்மைதான். மூன்றாவது படத்தில் வில்லன் மலையிலிருந்து விழவே இல்லை, போலீஸ்தான் பிடிக்கிறது என்று ஒருவன் கமெண்ட் போட்டிருக்கிறானே, அந்த மலை நான் வைத்தது. அதற்கெல்லாம் நான் வெட்கப்பட மாட்டேன். போலீஸ் பிடித்தால் என்ன சுவாரசியம் இருக்கிறது?

இனி அந்த முதல் இடத்துப் படத்துக்கு வருகிறேன். காய்ச்சலில் கிடக்கும் மகளை ஒரு கண்டக்டர் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிற கதை. கடைசியில் பிள்ளை பிழைத்துவிடுகிறது. கண்டக்டர் தன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார வைத்து, டிக்கெட் கிழித்து அதன் கையில் கொடுக்கிறார். இதைச் சொல்லும்போது டிக்கெட் கிழிப்பதுபோல் அவன் கையால் காட்டியதைப் பார்த்திருப்பாய். ‘பொய், அந்தப் பொண்ணு செத்துடும், பெரியவர் வேற படத்தைச் சொல்றார்’ என்று யாரோ எழுதியிருக்கிறான். உனக்கு ரோஷம் வந்து முழுப் படத்தையும் தேடிக் கண்டுபிடித்து, ‘ஞாயித்துக்கெழம டிவில போடுறேன் பெரியப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சுடும்’ என்று எனக்கே போன் பண்ணினாய்.

கமெண்ட் போட்டவன் சொன்னதுதான் சரி. அந்தப் படத்தில் பிள்ளை செத்துப்போகிறது. கடைசியில் பஸ்ஸே கிடையாது.

உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவில் இருப்பவள் உன் அக்கா இளமதி. நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். அப்போது அவளுக்கு ஆறு வயது, மூளைக்காய்ச்சலில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். லீவு கிடைக்காமல் உன் அப்பன் ஒரு நாள் வேலைக்கு வந்தான். முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மனசு மாறட்டும் என்று நான்தான் பிடிவாதமாகப் படத்துக்கு விரட்டினேன். என்ன கதை என்று எனக்குத் தெரியாது. இடைவேளைக்கு வந்தவன் சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே, ‘அந்தப் புள்ளைக்கும் காய்ச்சல். நீ போயி என்னா ஆவுதுன்னு பாத்துட்டு வா’ என்றான்.

போனேன், பார்த்தேன், வந்தேன். நெருப்பைப் பார்த்தபடியே என்னாச்சு என்று கேட்டான். பொழச்சிக்கிச்சு என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எப்படி என்று கேட்டான். அந்த பஸ்ஸும் டிக்கெட்டும் அங்கே நின்றபடி நான் சொன்னவை.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் இளமதி போய்விட்டாள்.

பொய் சொன்னது தப்பு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதே படம் பின்னால் இரண்டு தடவை ஊருக்கு வந்தது. ஒரு தடவை சூளை அணைந்திருந்த நாள். இருவருக்கும் டிக்கெட் எடுத்து, பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தோம். இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்தான். ‘நீ பாத்துட்டு வா, நான் போறேன்’ என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஆகையால் நடக்க வேண்டியது இது. படத்தைப் போடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாய், இனி நிறுத்தினால் ஏன் என்று கேட்பான். போடு. ஆனால் இடைவேளை என்று எழுத்து வந்ததும் டிவியை அணைத்துவிட வேண்டியது நீ. கரண்டு, வயர், எதன் மேலாவது பழியைப் போடு. பொய் வராவிட்டால் என்னிடம் கேள். அந்தக் கமெண்டை இன்றைக்கே அழி. மிச்சத்தையும் அவன் காதுபட யாரும் படிக்கக் கூடாது, இது மோகனப்பிரியாவுக்கு. வீடியோவில் தங்கதுரை என்ற பெயரைச் சேர்க்க வேண்டும், அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

சனிக்கிழமை சேலம் பஸ் ஏறி, இருட்டுவதற்குள் கோயமுத்தூர் வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போது உள்ளே வர மாட்டேன், உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உன் அப்பன் செய்ய வேண்டியது ஒன்றுதான், பாதியில் எழுந்து வெளியே வருவது. அதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டாம். மீதிப் படத்தைச் சொல்ல வேண்டியது நான்.

இப்படிக்கு,
பெரியப்பா தங்கதுரை